காய்ச்சல் இல்லாத டைபாய்டு

லேபுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சாதனைகளை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் யோசித்ததில், முப்பத்திரண்டு வருஷத்தில் நான் சாதித்தது என்று துணிந்து சொல்லக்கூடியது ஒன்றுதான் தேறியது. ஒரே ஞாயிற்றுக்கிழமை காலையில், ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், கல்லுக்குண்டு மாதிரி இருந்த பதினோரு பேருக்கு நான் டைபாய்டு வரவழைத்தேன். வேறு யாரும் சொல்வதற்கு முன் நானே அதை எழுதிவிடுகிறேன்.

இனி எல்லாவற்றையும் மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று உங்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மெஷின் இல்லாத இடத்துக்கும் உங்களை அனுப்புவார்கள். அங்கே காய்ச்சல்காரர்களுக்கு மட்டும் பஞ்சமே இருக்காது.

எங்கள் லேப் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு டாக்டரின் கிளினிக்கோடு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு அறை. ஒரு மைக்ராஸ்கோப், ரத்தத்தைச் சுழற்றி சீரத்தைப் பிரிக்க ஒரு சென்ட்ரிஃபியூஜ், கதவு நிற்காததால் கயிறு போட்டுக் கட்டிய ஒரு ஃபிரிட்ஜ், அப்புறம் நான். டைபாய்டு என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு அனுப்பிக் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வசதி எங்களிடம் கிடையாது. பெரிய லேபுக்கு அனுப்பிவிட்டு நாலைந்து நாள் காத்திருக்க வேண்டும். எங்கள் கையில் இருந்தது வைடால் கிட் ஒன்றுதான்.

வைடால் என்ன பெரிய வித்தை. கண்ணாடி ஸ்லைடில் நோயாளியின் சீரம் ஒரு சொட்டு, கிட்டில் இருக்கும் திரவம் ஒரு சொட்டு. இரண்டையும் கலந்து ஒரு நிமிஷம் ஆட்டிப் பார்க்க வேண்டும். பால் திரிந்தது போலத் துகள் துகளாகத் தெரிந்தால் பாசிட்டிவ். எங்கள் டாக்டர் அதை மதிக்கவே மாட்டார். போன வருஷம் வந்துபோன காய்ச்சலுக்கும் அது கை தூக்கும், போட்டுக்கொண்ட தடுப்பூசிக்கும் கை தூக்கும், நிஜமாகவே டைபாய்டு வந்த முதல் வாரத்தில் வாயே திறக்காது என்பார். நாற்பது வருஷம் காய்ச்சல் பார்த்த மனுஷர். நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் நாக்கை நீட்டச் சொல்லிவிடுவார்.

கிட்டில் கண்ட்ரோல் என்று இரண்டு குப்பிகள் வரும். ஒன்று கட்டாயம் பாசிட்டிவ் காட்ட வேண்டியது, மற்றது கட்டாயம் நெகட்டிவ் காட்ட வேண்டியது. காலையில் முதலில் அவற்றைப் போட்டுப் பார்த்து, கிட்டும் நாமும் ஒழுங்காக இருக்கிறோமா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நோயாளியின் ரத்தத்தைத் தொட வேண்டும். நான் அந்த வழக்கத்தை விட்டு வருஷக்கணக்காகியிருந்தது. கிட் சின்னது, அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது, சிக்கனமாக இருக்க வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மைக் காரணம் திமிர். என் கண்ணே கண்ட்ரோல் என்று வெளியில் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

அந்த வருஷம் மே மாதம் லேபில் இருந்த டேபிள் ஃபேன் உயிரை விட்டது. சந்துக்குள் காற்று எட்டிப்பார்க்காது. இரண்டு வாரம் டாக்டரை நச்சரித்து ஒரு சீலிங் ஃபேன் வாங்க வைத்தேன். எங்கே மாட்டுவது என்று எலக்ட்ரீஷியன் கேட்டபோது, என் மேஜைக்கு நேர் மேலே என்று நானே விரலை நீட்டிக் காட்டினேன். காற்று நேராக உச்சந்தலையில் இறங்கியது. மேஜையில் இருந்த ரிப்போர்ட்டுகள் பறந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல்லை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அந்தக் குடியிருப்பில் இருந்த பாட்டு டீச்சருக்குக் காய்ச்சல். டாக்டர் பார்த்தவுடனே டைபாய்டாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன் ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பச் சொன்னார். அந்த அம்மாவின் கணவர் உடனே ஏதாவது தெரிய வேண்டும் என்று துடித்ததால் வைடாலும் போட்டேன். பாசிட்டிவ். பின்னால் வந்த கல்ச்சரும் அதையே சொன்னது. அது நிஜமான டைபாய்டு. அவருக்கு வைத்தியமும் சரியாக நடந்தது. சிக்கல் அங்கே இல்லை. அவர் கணவர் அந்த வைடால் ரிப்போர்ட்டைக் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்.

அந்தக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளராக ஒரு பெரியவர் இருந்தார். பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் செக்ரட்டரி மாமா. அவர் உடனே களத்தில் இறங்கினார். கீழ்த்தொட்டியைக் கழுவினார்கள், மாடித்தொட்டியைக் கழுவினார்கள், தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டார்கள். அதுவும் போதாமல், ஞாயிற்றுக்கிழமை காலை தன்னையும் சேர்த்துப் பதினேழு பேராகத் திரட்டிக்கொண்டு என் லேபுக்கே வந்துவிட்டார். யாருக்கும் காய்ச்சல் கிடையாது. எல்லோரும் முன்ஜாக்கிரதையாகக் காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். வைடாலுக்கு அது தேவையே இல்லை. அதைச் சொன்னதும் முகம் வாடிப்போன ஒரு மாமி, முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா என்று என்னைக் கோபித்துக்கொண்டார்.

காய்ச்சல் இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம் என்று நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் வர மாட்டார். அவரைப் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் வாசல் வரை வரிசை நிற்கிறது, எல்லோரும் மேடம் மேடம் என்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதினேழு பேரில் கடைசியாக நின்றவள் விஜயா. ராயப்பேட்டையில் இருந்து வந்து அந்தக் குடியிருப்பில் நாலு வீட்டுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பாட்டு டீச்சர் வீடும் செக்ரட்டரி மாமா வீடும் அந்த நாலில் இருந்தன. சமைக்கிறவளுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று மாமாதான் அழைத்து வந்திருந்தார்.

கூட்டம் அதிகம் என்பதால் ஆறு ஆறு ஸ்லைடாகப் போட்டேன். கடிகாரம் பார்க்கவில்லை, கண்ட்ரோல் போடவில்லை. தலைக்கு மேலே ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஆறாவது ஸ்லைடைக் கையில் எடுப்பதற்குள் நிமிஷம் மூன்றாகியிருக்கும். பதினேழில் பதினொன்று பாசிட்டிவ். இவ்வளவு பெரிய பரவலை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று மனசுக்குள் ஒரு குதூகலம். பேப்பரில் என் படம் வரும் அளவுக்குக் கற்பனை ஓடியது.

செக்ரட்டரி மாமாவும் பாசிட்டிவ். அவர் அதை ஒரு பதவி உயர்வு மாதிரி கம்பீரமாக வாங்கிக்கொண்டார். விஜயாதான் ரிப்போர்ட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னா மேடம், எனக்குக் காச்சலே இல்ல. தலவலி இல்ல, வயித்துவலி இல்ல. நேத்துகூட என் தங்கச்சி வூட்ல ரெண்டு பிளேட்டு பிரியாணி துன்னுட்டு வந்தேன். காச்சல் இல்லாம இன்னா டைபாய்டு?"

இந்த முப்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் யார் யாரோ கேட்ட கேள்விகளில் ஆகச் சிறந்த கேள்வி அதுதான். டாக்டர் கேட்டிருக்க வேண்டியது, நான் கேட்டிருக்க வேண்டியது. நான் சொன்ன பதில், ரிப்போர்ட் அப்படித்தான் சொல்கிறது என்பது.

மத்தியானத்துக்குள் வாட்ஸப் குழுவில் முடிவாகிவிட்டது. நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டுவரும் வரை விஜயா குடியிருப்புக்குள் வரக் கூடாது. நாலு வீட்டு வேலையும் ஒரே நாளில் போனது. அவள் சம்பாத்தியத்தில் ஓடுகிற குடும்பம் அது. பாசிட்டிவாக இருந்த மற்ற பத்து பேரும் இளநீர் குடித்துக்கொண்டு, ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் போனில் உருகிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்கள். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை டாக்டர் வந்தபோது கிளினிக்கில் பத்து பேர், கையில் ஆளுக்கொரு ரிப்போர்ட். ஒவ்வொருவராக நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தெர்மாமீட்டர் வைத்தார். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. இரண்டு பேர் முந்தின நாளே மருந்துக்கடையில் தாங்களாக மாத்திரை வாங்கி விழுங்க ஆரம்பித்திருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லி, பேப்பருக்கெல்லாம் மருந்து எழுத முடியாது என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு லேபுக்குள் வந்தார். உன் ஸ்லைடெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது கோமதி என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. நான் வேலை கற்றுக்கொண்டது நேற்றா என்று கேட்டுவிட்டு, கொண்டுவந்த தயிர் சாதத்தைக் கோபத்தில் சாப்பிடாமல் திருப்பி எடுத்துப் போனேன். அவர் என்னை மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இன்னும் வீம்பு பிடித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை விஜயா மறுபடி வந்தாள். மறுபடி பாசிட்டிவ். வெள்ளிக்கிழமை மூன்றாவது முறையாக வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. ராயப்பேட்டையிலும் விஷயம் பரவி, தெருப் பைப்படியில் பெண்கள் அவள் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள் என்றாள். ரத்தம் எடுத்தேன். சென்ட்ரிஃபியூஜ் நின்று நான் சீரத்தை எடுக்கவும், கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மத்தியானம் இரண்டு மணி, மே மாதம். அவளைக் காக்க வைக்க மனசில்லாமல், அந்த ஒரு ஸ்லைடை மட்டும் ஜன்னலோரம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் ஆட்டினேன். ஒரு துகள்கூட இல்லை. சுத்தமான நெகட்டிவ்.

விஜயா கும்பிட்டாள். நானும் சந்தோஷப்பட்டிருக்கலாம். மூன்று நாளில் பாசிட்டிவ் எப்படி நெகட்டிவ் ஆகும் என்று எனக்குள் ஒரு நமைச்சல். கரண்ட் வந்ததும், எதற்கும் இன்னொரு தரம் பார்த்துவிடுகிறேன் என்று அதே சீரத்தை, காத்திருந்த வேறு ஐந்து பேருடைய சீரத்தோடு சேர்த்து, மேஜையில் வழக்கம்போலப் போட்டேன். அவளுடையது துகள் துகளாக நின்றது.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்லைடைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்புறம் தலையைத் தூக்கி மேலே பார்த்தாள்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. ஃபேன் சுத்துனா டைபாய்டு வர்து. ஃபேன் நின்னா போய்டுது."

நான் சீரத்துக்குப் பதிலாக வெறும் உப்புத் தண்ணீரை ஒரு சொட்டு எடுத்து, கிட் திரவத்தோடு கலந்து அதே இடத்தில் வைத்தேன். மூன்று நிமிஷத்தில் ஓரம் காய்ந்து, அதிலும் துகள் துகளாக வந்து நின்றது. உப்புத் தண்ணீருக்கும் டைபாய்டு. ஃபேனை நிறுத்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்தில் படித்தேன். உப்புத் தண்ணீர் குணமாகிவிட்டது, விஜயாவும் குணமாகிவிட்டாள். நெகட்டிவ் கண்ட்ரோல் என்ற அந்தச் சின்னக் குப்பியை முதல் நாள் காலையில் திறந்திருந்தால் இது அத்தனையும் அன்றைக்கே தெரிந்திருக்கும். அது ஃபிரிட்ஜில் மூடி பிரிக்காமல் புதுசாக இருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு வெட்கமான இடம். விஜயாவுக்கு மட்டும் ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று தோன்றியது. மற்ற பத்து பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள், இன்னும் பத்து நாள் இளநீர் குடித்தால் தானாகக் குணமானதாக நினைத்துக்கொள்வார்கள். லேப் பெயரும் கெடாது. பேனாவை எடுத்துவிட்டேன். விஜயா இன்னும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுத வரவில்லை. டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாகவும் இருந்திருக்கும். சாயங்காலமே போய் எல்லோரிடமும் நீயே சொல்லிவிடு, நான் கூட வருகிறேன், ஆனால் உனக்காகப் பேச மாட்டேன் என்றார்.

ஆறு மணிக்குக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம். விஜயாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவளுக்கு யாரும் நாற்காலி கொடுக்கவில்லை. டாக்டர் தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டார். நான் எழுந்து நின்று, ஃபேன், கடிகாரம், திறக்காத குப்பி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்களில் யாருக்கும் டைபாய்டு இல்லை, தப்பு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன்.

கைதட்டாவிட்டாலும் பெருமூச்சாவது விடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. வந்த டைபாய்டை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை. ஒரு மாமி திருப்பதிக்கு வேண்டிக்கொண்டுவிட்டேனே என்றார். இன்னொருவர், எனக்கு உடம்பெல்லாம் வலித்ததே, அது என்ன ஃபேன் காற்றா என்று சண்டைக்கு வந்தார். செக்ரட்டரி மாமாதான் ரொம்ப உடைந்துபோனார்.

"அப்போ நேக்கு டைபாய்டே இல்லைங்கறேளா? அமெரிக்காவுலேந்து பையன் டிக்கெட் போட்டுண்டு வந்துண்டிருக்கான்."

எனக்காகப் பேச மாட்டேன் என்ற டாக்டர் பாட்டு டீச்சரின் கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். காய்ச்சல் வருவதற்கு முன்னால் டீச்சர் எங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று. ஒரு மாதமாக வெளியூர்க் கச்சேரிகள், ஊருக்கு ஒரு வீட்டில் சாப்பாடு, ரயிலில் இருந்து இறங்கும்போதே உடம்பு கொதித்தது என்றார் அவர். அந்த ஒரு மாதத்தில் விஜயா கையால் டீச்சர் ஒரு வாய் சாப்பிடவில்லை. இதை அதுவரை யாரும் கேட்கவும் இல்லை, கணவர் சொல்லவும் இல்லை.

செக்ரட்டரி மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பெரிய மனசு பண்ணினார். விஜயா நாளை முதல் வரலாம், ஆனாலும் ஆத்தில் குழந்தைகள் இருப்பதால் மனத்திருப்திக்காக இன்னொரு தரம் டெஸ்ட் எடுத்துக்கொண்டு வந்தால் தேவலை என்றார். விஜயா நாற்காலியில் இருந்து எழுந்திருக்காமலே பேசினாள்.

"எடுக்கறேன் சார். ஆனா எனக்கு வந்த அதே பேப்பர் உங்களுக்கும்தான வந்துச்சு? நீங்க துன்ன தட்டக் கழுவறவ நானு. எனக்கும் வூட்ல புள்ளைங்க கீது. மொதல்ல நீங்க எல்லாரும் எடுத்துக்கினு வாங்க. பாத்துட்டு, வேலைக்கு வர்றதா இல்லியான்னு நான் சொல்றேன்."

டாக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்கூட்டர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். காய்ச்சல் இல்லாதவர்களுக்கு வைடால் கூடாது என்று ஐந்து நாளாகக் கத்திக்கொண்டிருந்தவர், இந்த ஒரு தடவை மட்டும் நாளைக் காலை போட்டுக்கொடு கோமதி என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை மறுபடி வரிசை. இந்த முறை காபி குடித்துவிட்டு வந்திருந்தார்கள். ஃபேனை நிறுத்தி, கண்ட்ரோல் இரண்டையும் போட்டு, கடிகாரத்தை எதிரில் வைத்து, ஒவ்வொரு ஸ்லைடாகப் படித்தேன். ஆளுக்கு ஆள் வேர்த்துக் கொட்டியது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த விஜயா ஒவ்வொரு ஸ்லைடையும் நெகட்டிவ் கண்ட்ரோலோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நான் கையெழுத்துப் போட்டேன். செக்ரட்டரி மாமாவுடையதை மட்டும் இரண்டாவது தரம் போடச் சொன்னாள். அவரும் ரிசல்ட் வரும்வரை நின்றார். எல்லோரும் நெகட்டிவ்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்பினாள், மூன்று வீடுகளுக்கு. மாமா வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு வாரம் பொறுத்து அவர் எனக்குப் போன் செய்தார். வந்திறங்கிய பையனுக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, நீங்கள் சொன்னால் கேட்பாள், கொஞ்சம் சொல்லுங்கள் என்றார். செய்த பாவத்துக்கு இதையாவது செய்வோம் என்று விஜயாவைப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். அவர் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை, பயந்துவிட்டார், அவ்வளவுதான் என்றேன். அவள் கோபப்படவில்லை.

"பயந்துட்டாரு, தெரியும் மேடம். ஏழு வருசமா அவுரு வூட்ல சமைக்கறேன். காச்சல் கீதா இல்லியான்னு ஒரு தபா என் கையத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த வூட்ல ஒருத்தரும் தொட்டுப் பாக்கல."

அவள் என்னைச் சொல்லவில்லை, அந்த வீட்டுக்காரர்களைத்தான் சொன்னாள். போனை வைத்த பிறகும் நான் மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் மூன்று தடவை நான் அவளுடைய கையைப் பிடித்து, நரம்பு தேடி, ரத்தம் எடுத்திருக்கிறேன். அந்தக் கை சுடுகிறதா என்று ஒரு தடவைகூட எனக்குப் பார்க்கத் தோன்றவில்லை.